தாகம் ஒரு மாசம், பசி வேற மாசம்: ஆனைகட்டில இருந்து வேலந்தாவளம் வரைக்கும் ஆறு நாள்

நாள் 1

காலைல ஆறே காலுக்கு காந்திபுரத்துல ஆனைகட்டி பஸ்ஸ புடிச்சுட்டேன். ஜன்னலோர சீட்டு, பக்கத்துல ரெண்டு கூடை தக்காளி. எதுக்கு போறேன்னு மொதல்லயே சொல்லிடறேன். கேரளா எல்லையில கொஞ்சம் ஊருங்களுக்கு வறட்சித் திட்டம் ஒண்ணு எழுதிக் குடுங்கன்னு ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துல கேட்டிருக்காங்க. ஆபீஸ் தமிழ்ல இதுக்கு பேரு பேரிடர் அபாயக் குறைப்பு. அம்மாகிட்ட சொன்னேன், "பஞ்சம் வந்தா என்ன பண்றதுன்னு நீ எழுதப் போறயா? அத பஞ்சத்த பாத்தவங்களயல்ல கேக்கோணும்"னு சொல்லிட்டு டிபன் பாக்ஸ்ல எலுமிச்சை சாதத்த அமுக்கி அமுக்கி வெச்சுக் குடுத்துச்சு.

அம்மா சொன்னதும் ஜப்பான்ல பேசினதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். 2015ல செண்டாய்ங்கற ஊர்ல உலக நாடுங்க கூடி 2030 வரைக்கும்னு ஒரு செயல்திட்டம் போட்டாங்க, ஆபத்து வந்தப்புறம் அரிசி மூட்டைய தூக்கிட்டு ஓடறத விட வர்றதுக்கு முன்னாடியே வேலைய பாருங்க, அதையும் அந்தந்த ஊர்க்காரங்களோட சேந்து பாருங்கன்னுதான் அதோட சாரம். வெள்ளம் புயலுக்கு இத சொல்றது சுலபம், வருது வருதுன்னு டிவியிலயே காட்டுவான். வறட்சி அப்படி கிடையாது, அது எந்தத் தேதில ஆரம்பிச்சுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, நமக்கு உறைக்கறப்ப அது வந்து ஆறு மாசம் ஆயிருக்கும்.

தடாகம் ரோடு பூரா செம்மண் எடுத்த பள்ளம். மாங்கரை செக்போஸ்ட் தாண்டி மலை ஏறி எறங்கினா ஆனைகட்டி. ஊருக்கு நடுவுல கொடுங்கரைப்பள்ளம் ஓடுது, ஓடணும். பாலத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு அந்தப் பக்கம் கேரளா. மாசி கடைசிதான் ஆகுது, அதுக்குள்ள பாலத்துக்கு கீழ பாறைதான் தெரியுது, ரெண்டு பசங்க ஆத்துக்குள்ள கிரிக்கெட் ஆடறாங்க, ஸ்டம்ப்புக்கு மூணு கல்லு. பாலத்த நடந்தே தாண்டி அந்தப் பக்கம் டீ குடிச்சேன், சேட்டான்னு கூப்பிட்டேன், கடைக்காரர் "என்னங்க தம்பி சக்கரை கம்மியா"ன்னு சுத்தமான கோயமுத்தூர் தமிழ்ல கேட்டார். அந்தப் பக்கம் பாலக்காடு ஜில்லாவோட அட்டப்பாடி, அது அப்படித்தான். போர்டு மலையாளம், பேச்சு பாதி தமிழ்.

கேரளான்னா மழைன்னு நெனச்சுட்டு இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். தென்மேற்குப் பருவக்காத்து கடல்ல இருந்து வந்து சைலண்ட் வேலி மலையில முட்டி அங்கயே எல்லாத்தையும் கொட்டிடும், மலை தாண்டி இந்தப் பக்கம் எறங்கறப்ப மேகத்துகிட்ட ஒண்ணும் இருக்காது. அட்டப்பாடி பிளாக் மொத்தம் 745 சதுர கிலோமீட்டர், அதுலயே மேற்கு ஓரம் முக்காலி பக்கம் வருசத்துக்கு 3000 மில்லிமீட்டர் கிட்ட பெய்யும், கிழக்க இந்த ஆனைகட்டி பக்கம் 1000ஐ தொடாது. ஜீப்புல ஒரு மணி நேரத்துக்குள்ள ரெண்டு வானிலை.

ராத்திரி கோட்டத்தரையில தங்கல். கூட வேலை பாக்கற மலையாளி தோழி நாளைக்கு ஊருக்கு கூட்டிட்டுப் போறாங்க. கொசு வலையில மூணு ஓட்டை, கொசுவுக்கு மூணுமே தெரியுது.

நாள் 2

இன்னிக்கு நான் திட்டு வாங்கின நாள். விலாவாரியா எழுதறேன்.

அட்டப்பாடியில 192 ஊர் இருக்குன்னு கணக்கு. இங்க ஊர்னா பழங்குடி குடியிருப்பு, இருளர் முடுகர் குறும்பர் மூணு சமூகம். நாங்க போனது கிழக்க ஒரு இருளர் ஊர், பேர் வேண்டாமே. இருளா மொழி நம்ம காதுக்கு பாதிக்கு மேல புடிபட்டுடும், நம்மகிட்ட அவங்க தமிழ்லயே பேசிடறாங்க.

இந்த மாதிரி வேலையில பருவ நாட்காட்டின்னு ஒரு முறை உண்டு, தரையில பன்னெண்டு கட்டம் போட்டு ஒவ்வொரு மாசத்துக்கும் கஷ்டம் எவ்வளவோ அவ்வளவு கல்லோ விதையோ வைக்கச் சொல்றது. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் பேசலாம்ங்கறதுதான் அதோட அருமை. நான் புளியங்கொட்டை எடுத்துட்டு வர மறந்துட்டேன். பக்கத்து பெட்டிக்கடையில கிடைச்சது ராகி, ஒரு கிலோ வாங்கினேன். ஆலமரத்தடியில சாக்பீஸ்ல ஜனவரி பிப்ரவரின்னு கட்டம் போட்டு, கட்டத்துல அள்ளி வைங்கம்மான்னு ராகிய தரையில கொட்டினேன்.

யாரும் அசையல. பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் ஓரமா உக்காந்திருந்த பாட்டி ஒண்ணு, எழுபதுக்கு மேல இருக்கும், மெதுவா எந்திரிச்சு வந்து குனிஞ்சு ராகிய வழிச்சு சேலை முந்தியில போட ஆரம்பிச்சுது. ஒரு மணி விடாம வழிச்சுது, சாக்பீஸ் தூளோட சேத்து. "சோத்தை மண்ணுல கொட்டி வெளையாடுவாங்களா கண்ணு. உங்க ஊர்ல அப்படியா"ன்னுச்சு. கோவமாக்கூட கேக்கல. தோழி என் பக்கமே திரும்பல. வறட்சித் திட்டம் எழுத வந்தவன் பஞ்சம் இருக்கற ஊர்ல ராகிய சோழியாக்கினேன், இதுக்கு மேல என்னத்த சொல்ல. பாட்டி வீட்டுக்குள்ள போய் மொறத்துல போட்டு பொடைச்சு கல்லு மண்ணு நீக்கி பாத்திரத்துல மாத்தி வெச்சுட்டு, ஒரு கை வேப்பங்கொட்டைய கொண்டாந்து என் கையில குடுத்துச்சு. அப்புறம்தான் கூட்டம் நடந்துது.

கட்டமும் தப்பு. ஜனவரியாவது பிப்ரவரியாவது, அழிச்சுட்டு தை மாசின்னு போட்டேன். மொதல் கேள்வி தண்ணிக்கு எந்த மாசம் கஷ்டம். பங்குனி, சித்திரை, வைகாசில பாதி, கொட்டை குமிஞ்சுது. எதிர்பாத்ததுதான், எங்க ஆபீஸ் ஃபைல்லயும் அதே மாசம்தான். சரி வயித்துக்கு எந்த மாசம் கஷ்டம்னு கேட்டேன். அதே கட்டத்துலதான் வைப்பாங்கன்னு கேமராவ ரெடியா வெச்சிருந்தேன். பொம்பளைங்க எல்லாம் சேந்து கொட்டைய எடுத்துட்டுப் போய் ஆனியில கொஞ்சம், ஆடியிலயும் ஆவணியிலயும் மொத்தத்தையும் வெச்சாங்க.

ஆடி ஆவணியில மழைதானேம்மா இருக்கும்னேன். பாட்டிதான் சொல்லுச்சு. "மழை வந்தா உடனே சோறு வருமா? காட்டுல பயிர் பச்சையா நிக்கும், பாக்க நல்லாருக்கும், திங்க முடியாது. போன வருசத்து ராகி ஆனியில முடிஞ்சுரும். மழைன்னு கூலி வேலையும் இருக்காது. அந்த ரெண்டு மாசந்தான் புள்ளைங்க இளைக்கறது." போன வருசம் மழை ஏமாத்தியிருந்தா ராகி ஆனி வரைக்கும்கூட வராது, மாசியிலயே முடிஞ்சுரும். அப்ப பசி மாசம் ரெண்டு இல்ல, ஆறு ஏழு. அதாவது இந்த ஆடியில சரியா மழை பெய்யலன்னா அது வயித்துல தெரியறது அடுத்த ஆடிக்கு. நாங்க சித்திரையில டேங்கர் லாரி அனுப்பிட்டு மழை வந்தாச்சு வறட்சி முடிஞ்சுதுன்னு ஃபைல மூடிருவோம்.

தண்ணி கணக்கும் பாத்தோம். பேரிடர் சமயத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 15 லிட்டராவது வேணும்னு உலக அளவுல ஒரு நிவாரண அளவுகோல் இருக்கு. நம்ம பிளாஸ்டிக் கொடம் ஒண்ணு அவ்வளவு புடிக்கும், ஆளுக்கு ஒரு கொடம்னு வெச்சுக்கோங்க. பக்கத்து வீட்டுல அஞ்சு பேர், இன்னிக்கு தூக்கினது நாலு கொடம், அதுலயே ஆட்டுக்கும். இது மாசியில. பங்குனி இன்னும் பொறக்கல.

அடுத்தது நான் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்த கேள்வி. கையில ஒண்ணும் இல்லாம போறப்ப எத மொதல்ல விப்பீங்க, எத கடைசில விப்பீங்க? இதுக்கு பதில் சொல்ல ஆம்பளைங்களும் வந்துட்டாங்க. மொதல்ல கோழி. அப்புறம் கெடா ஆடு. அப்புறம் கடைக்கடன். அப்புறம் வீட்டுல ஒருத்தர் திருப்பூருக்கோ கோயமுத்தூருக்கோ வேலைக்கு. அதுக்கும் அப்புறம்தான் பெட்டை ஆடு, அதுலயும் குட்டி போட்டுட்டு இருக்கற பெரிய ஆடு கடைசி. இங்க இருக்கறது அட்டப்பாடி கருப்புன்னே ஒரு இனம், அரசாங்கப் பதிவுலயே இருக்கு, உடம்பு பூரா கருகருன்னு, மேட்டுல கெடைக்கறத மேஞ்சுட்டு தாக்குப் பிடிக்கும். பாட்டிகிட்ட மூணு இருக்கு. வியாபாரி பைக்லயே வீடு வீடா வருவாராம். எல்லாரும் ஒண்ணா விக்கறப்ப அவர் சொல்றதுதான் விலை.

பெட்டை ஆட்டுக்கு அப்புறம் என்னன்னு கேட்டேன். பாட்டி பேசல. பக்கத்துல இருந்த மருமக பொண்ணுதான் மெதுவா சொல்லுச்சு, நோட்டு செல்லாம போன வருசம் வெதை ராகிய எடுத்து கஞ்சி காச்சுனோம்னு. நோட்டு செல்லாம போன வருசம்னா 2016. அந்த வருசம் தென்மேற்கும் மோசம், வடகிழக்கு அதைவிட மோசம், அக்டோபர் கடைசியில கேரளாவோட 14 ஜில்லாவையும் வறட்சின்னு அறிவிச்சாங்க. அடுத்த வாரமே நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. வெதைய ஆக்குனது பத்தி பாட்டி கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசல, வேப்பங்கொட்டைய மட்டும் ஒவ்வொண்ணா திரும்ப எண்ணி எடுத்துக்கிச்சு.

நாள் 3

காலைல காட்டுக்கு. மூப்பனோட போனோம். ஒவ்வொரு ஊருக்கும் மூப்பன் தலைவர், அவருக்கு கீழ வண்டாரி, குறுதலை, மண்ணுக்காரன்னு பொறுப்பு பிரிச்சிருப்பாங்க. இதுல மண்ணுக்காரன்தான் எனக்கு வேண்டிய ஆளு. வெதைக்கறதும் அறுக்கறதும் அவர் பூசை போட்டு ஆரம்பிச்சாத்தான். சடங்குன்னு நெனச்சுத்தான் கேட்டேன், ஆனா பேசப் பேச அவர் சொன்னதெல்லாம் மண்ணு எவ்வளவு ஆழம் நனைஞ்சிருக்கு, எந்த எறும்பு எங்க ஏறுது, எந்த மரம் எப்ப துளிர்க்குதுன்னு. வெதைய முழுசா ஒரே நாள்ல போட மாட்டாராம். கொஞ்சத்த போட்டு வெச்சுட்டு மழை ஏமாத்துதான்னு பாத்துட்டு மிச்சம். அவர் அப்பா காலத்துல இருந்தே அப்படித்தானாம். நாங்க இதுக்கு முன்னெச்சரிக்கை அமைப்புன்னு பேர் வெச்சு நாலு பக்கம் எழுதுவோம்.

கொத்துக்காடுன்னு சொல்றாங்க, கொத்துல மண்ண கெளறி வெதைக்கற மேட்டு நெலம். இப்ப அறுத்து முடிஞ்சு துவரை கட்டை மட்டும் நிக்குது. அதே துண்டுல ராகி, சாமை, தினை, சோளம், துவரை, அவரை, கொஞ்சம் கடுகு எல்லாம் கலந்து போடுவாங்க. சாமை மூணு மாசத்துல வந்துரும், ராகி நாலு மாசம் எடுக்கும், துவரை தை மாசி வரைக்கும் இழுக்கும். மழை முன்னாடி நின்னுட்டா ஒண்ணு போகும், பின்னாடி நின்னுட்டா இன்னொண்ணு போகும், ஏழும் சேந்து போறது அபூர்வம். நம்ம வங்கிக்காரங்க முட்டைய எல்லாம் ஒரே கூடையில வைக்காதேன்னு டை கட்டிட்டு வந்து சொல்றது இதத்தான்.

இங்கதான் எங்க ஃபார்ம் மாட்டிக்கிச்சு. நான் கொண்டு போன பயிர் இழப்பு படிவத்துல ஒரு நெலத்துக்கு ஒரு பயிர் எழுதத்தான் கட்டம் இருக்கு. ஏழு பயிர எப்படி எழுத? விதிப்படி 33 சதவீதமோ அதுக்கு மேலயோ பயிர் போனாத்தான் இடுபொருள் நிவாரணம், எதுல 33? ராகியிலயா துவரையிலயா? ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்திருச்சுன்னா, புத்திசாலித்தனமா வெதைச்சதுக்கு நிவாரணம் இல்லன்னு ஆயிடுது. இந்தப் படிவம் நானே தயார் பண்ணினது, யாரையும் திட்ட வழியில்ல.

திரும்பி வர்ற வழியில பச்சைப் பசேல்னு ஒரு சரிவு, என்ன இங்க மட்டும் இப்படின்னு கேட்டேன். மூப்பன் சிரிச்சார். பூரா உண்ணிச்செடி. ஆடு வாய வைக்காது, வெயில்லயும் கருகாது, கீழ புல்ல மொளைக்க விடாது. இப்ப வறட்சிய அறிவிக்கறதுக்கு மத்திய அரசோட வறட்சிக் கையேடு 2016ல வந்தது, மொதல்ல மழைக் குறைவு, அப்புறம் செடி எவ்வளவு பச்சையா இருக்குன்னு சாட்டிலைட் படம், மண் ஈரம், நீர்நிலை எல்லாம் பாத்து, கடைசியா பத்துல ஒரு கிராமத்துக்கு நேர்ல போய் சரிபாக்கணும். நல்ல முறைதான், தப்பு சொல்லல. ஆனா இந்த உண்ணிச்செடி சரிவு மேல இருந்து பாத்தா காடு மாதிரியே தெரியும், நேர்ல போற அந்த ஒரு கிராமம் இதா இருந்தாத்தான் உண்டு.

இங்க முன்னாடி பெரிய வேலை நடந்திருக்கு, அஹாட்ஸ்னு சொல்வாங்க, 1995ல ஆரம்பிச்ச சொசைட்டி, ஜப்பான் கடன் பணம், தரிசு மலைய திரும்ப காடாக்கறது, தடுப்பணை, கல் வரப்பு, ஊருக்கு ஊர் வளர்ச்சிக் கமிட்டி. வறண்டு கெடந்த கொடுங்கரைப்பள்ளத்துல அப்ப தண்ணி வந்துதுன்னு இன்னிக்கும் பெருமையா சொல்றாங்க. மூப்பன் ஒரு கல் வரப்ப காட்டினார், இருபது வருசம் ஆகியும் ஒரு கல்லு நகரல, அவர் கட்டினதாம். திட்டம் முடிஞ்சப்புறம் கமிட்டிங்க என்னாச்சுன்னு கேட்டதுக்கு பீடிய பத்த வெச்சுக்கிட்டார்.

மத்தியானம் அங்கன்வாடிக்கு பக்கத்துல சமூக சமையலறையில சாப்பாடு. 2013ல இங்க கைக்கொழந்தைங்க அடுத்தடுத்து எறந்தது நாடு பூரா செய்தியாச்சு, ஞாபகம் இருக்கும். தாய்க்கு ரத்தம் இல்ல, கொழந்தை எடை இல்ல. அதுக்கப்புறம்தான் குடும்பஸ்ரீங்கற கேரளா மகளிர் குழு பொம்பளைங்கள வெச்சு இந்த சமையலறை. அது ஒரு வருசத்து மழைக் குறைவால வந்ததில்லன்னு தோழி சொன்னாங்க, ஒத்துக்கறேன். 1951ல அட்டப்பாடியில பத்துல ஒம்பது பேர் பழங்குடி, இப்ப பாதிக்கும் கீழ, நெலம் எங்க போயிருக்கும்னு கணக்கு போட்டுக்கலாம். நெலம் போனப்ப ராகியும் சாமையும் சேந்து போச்சு, தட்டுல ரேஷன் அரிசி மட்டும் நின்னுது. ரொம்ப ஏழைங்களுக்கான மஞ்சள் ரேஷன் கார்டுக்கு மாசம் 35 கிலோ தானியம் கெடைக்குது, அதனாலதான் இன்னிக்கு யாரும் பட்டினியில சாகறதில்ல, அத கொறைச்சு பேசறவன் ஆடி மாசம் இங்க ஒரு வாரம் இருந்து பாக்கட்டும். ஆனா அரிசியில மட்டும் ரத்தம் ஊறாது. 2017ல இருந்து சிறுதானிய கிராமம்னு அரசாங்கமே ராகி சாமைய திரும்ப போட வைக்குது. 2022ல அட்டப்பாடி துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் புவிசார் குறியீடு கெடைச்சுது. அந்த அவரைய இன்னிக்கு பாத்தேன், நெசமாவே ஆட்டுக்கொம்பு மாதிரியே வளைஞ்சு கெடக்கு.

சாயங்காலம் பாட்டி வீட்டுல. அடுப்புக்கு மேல பரண்ல புகை படற மாதிரி வெதை ராகி கதிரோட கட்டித் தொங்குது. ராகிக்கு பூச்சி லேசுல விழாது, வருசக்கணக்குல கெடக்கும். நேத்து நான் கொட்டுன ராகிய எங்கன்னு கேட்டேன், கடை ராகி வெதைக்கு ஆகாதுன்னு காலைல களி கிண்டிட்டாங்களாம். எனக்கும் ஒரு உருண்டை வந்துது, கீரைக் கொழம்போட. பல்லுல ஒரு இடத்துல நறநறன்னுச்சு. சாக்பீஸா இருக்கலாம்.

நாள் 4

அகளி, முக்காலி வழியா மண்ணார்க்காடு எறங்கி பாலக்காடு. காலைல கிளம்பறப்ப ரோட்டுல ஒத்த யானை, ஜீப் டிரைவர் அண்ணன் இஞ்சின அணைச்சுட்டு முக்கா மணி நேரம் பேசாம உக்காந்துட்டார். காட்டுலயும் தண்ணி இல்லன்னா அது எங்க வரும். மழையும் பொழைக்க விட்டு யானையும் விட்டு மிச்சம் இருக்கறதுதான் கொத்துக்காட்டு வெள்ளாமை.

முக்காலியில வண்டி நின்னப்ப சட்டை நனையற மாதிரி ஈரக்காத்து, பக்கத்துல ஓடை சத்தம் கேக்குது. இங்கேர்ந்துதான் சைலண்ட் வேலிக்கு உள்ள போறது, 1984ல தேசியப் பூங்கா ஆன காடு. முந்தாநாள் நாலு கொடம் தண்ணிக்கு நின்ன எடம் இங்கிருந்து ஒண்ணும் தூரமில்ல. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா அட்டப்பாடிக்கு அருமையான மழை. பாலக்காடு ஜில்லா சராசரின்னு எடுத்தா இன்னும் அருமை. அந்த ஊர் பள்ளிக்கூடத்துல ஒரு மழைமானி வெச்சு, பசங்களையே தெனம் அளந்து எழுத வைக்கணும்னு நோட்டுல குறிச்சேன். இதுக்கு ஆகற செலவு இந்த ஜீப் வாடகைய விட கம்மி.

பாலக்காட்டுல ஒரே வெயில். 2016 ஏப்ரல்ல இந்த ஜில்லாவுல 41 டிகிரிய தாண்டுச்சு, கேரளான்னா நம்ப முடியுதா. லாட்ஜ்ல ஃபேன் சுத்துது, காத்து வரல. தூங்கப் போறேன்.

நாள் 5

கொழிஞ்சாம்பாறை. சித்தூர் தாலுகாவோட கிழக்கு ஓரம், கேரளாவுல கரிசல் மண்ணு இருக்கற ஒரே பக்கம் இதுதான். தமிழ் மீடியம் பள்ளிக்கூடம், பேச்சு அப்படியே பொள்ளாச்சி பேச்சு. ஒரு கவுண்டர் தோட்டத்துல போய் எறங்கினோம், "வாங்க தம்பி, மொதல்ல எளனி குடிங்க, அப்பறம் வறட்சிய பேசுவோம்"னார்.

ஆயிரத்து நூறு அடி போர். முன்னாடி போட்டது மூணு, மூணும் சும்மா கெடக்குது, மேல கல்ல வெச்சு மூடிருக்கார். ஆழியாறு தண்ணி எப்ப வரும்ங்கறதுலதான் பேச்சு சுத்தி சுத்தி வந்து நிக்குது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970ல கையெழுத்தானது, மணக்கடவுல கேரளாவுக்கு வருசத்துக்கு 7.25 டிஎம்சி வரணும். எல்லைக்கு அந்தப் பக்கம் விவசாயியும் நம்மாளு இந்தப் பக்கமும் நம்மாளு, தண்ணி வராத வருசம் மட்டும் ரெண்டு பேரும் வேற வேற ஸ்டேட் ஆயிடறோம்னு அவரே சிரிச்சுட்டு சொன்னார்.

தென்னைக்கு டேங்கர்ல தண்ணி வாங்கி ஊத்தியிருக்கார் 2017 கோடையில. கட்டுப்படியாச்சான்னு கேட்டேன். மரம் செத்துட்டா அஞ்சு வருசம் போச்சே, அதனால ஊத்தினேன்னார். இவருக்கு ஒரு தாங்கு இருக்கு, கள்ளு. தமிழ்நாட்டுல 1987ல இருந்து கள்ளுக்கு தடை, இங்க தடை இல்ல. சித்தூர் கள்ளுதான் கேரளா முழுக்க லாரியில போகுது, மரத்த எறக்கக் குடுத்தா மாசா மாசம் காசு. ஒரே ஓடைக்கு அந்தக் கரையில இருக்கற தென்னைக்கு அந்த யோகம் இல்ல.

அதெல்லாம் மரம் இருக்கறவங்களுக்கு. தோட்டத்துல மட்டை பொறுக்கிட்டு இருந்த அக்காகிட்ட பேசினோம், அம்பது வயசு இருக்கும், சொந்த நெலம் இல்ல. அவங்க சின்ன வயசுல இந்த மண்ணுல கடலை, சோளம், பருத்தி. களை எடுக்க, கடலை புடுங்க, ஆய, பருத்தி எடுக்கன்னு பொம்பளைங்களுக்கு வருசம் பூரா வேலை, கூலியில பாதி தானியமா வாங்கிட்டு வந்துருவாங்களாம். தென்னை வந்தப்புறம் காய் போடறது ஆம்பளை ஏணிய தூக்கிட்டு வந்து ஒரு நாள்ல முடிச்சுட்டுப் போயிடறார். "தண்ணி வந்தாலும் எங்களுக்கு வேலை இல்லீங், வரலைன்னாலும் இல்லீங்"னாங்க. ரோஸ் ரேஷன் கார்டு, மஞ்சளுக்கு அடுத்த படி. நூறு நாள் வேலை உண்டு, கூலி 15 நாளுக்குள்ள வரணும்னு சட்டம், சட்டத்துல இருக்கற 15 நாள் பேங்க் பாஸ்புக்ல இல்லன்னு அவங்க பாஸ்புக்க காட்டினாங்க. எந்த மாசம் கஷ்டம்னு கேட்டேன், இந்தத் தடவ கையில வேப்பங்கொட்டை இருந்துது. யோசிக்காம ஆடின்னாங்க. பள்ளிக்கூடம் தொறந்து நோட்டு புக்கு பீஸுன்னு கடன் வாங்கி முடிச்சிருப்போம், வேலையும் இருக்காதுன்னு. மலையில இருக்கற பாட்டிக்கும் இவங்களுக்கும் காரணம் வேற, மாசம் ஒண்ணு.

திரும்பறப்ப பிளாச்சிமடா வழியா வந்தோம். 2000ல ஒரு குளிர்பானக் கம்பெனி வந்து, கெணத்துத் தண்ணி கெட்டு, மயிலம்மா மாதிரி பழங்குடி பொம்பளைங்க முன்னாடி நின்னு போராடி, 2003ல பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸ புதுப்பிக்க மாட்டேன்னு சொல்லி, 2004ல கம்பெனி மூடுனது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. நான் பாத்தது மதில் சுவரும் அதுமேல காயப்போட்ட ரெண்டு சேலையும்தான்.

நாள் 6

வேலந்தாவளம். கே.ஜி. சாவடி வழியா கோயமுத்தூர் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்குன்னு டீக்கடை பெஞ்சுல உக்காந்து திட்டத்த திருப்பி எழுதிட்டு இருக்கேன். முன்னாடி எழுதி வெச்சிருந்தது ஏப்ரல்ல ஆரம்பிச்சு ஜூன்ல முடியும், டேங்கர், தொட்டி, குழாய். அத எடுக்கல, தண்ணி வேணும்தான். ஆனா நாட்காட்டிய புரட்டாசியில ஆரம்பிச்சேன். அப்பவே மண்ணுக்காரரும் பள்ளிக்கூட மழைமானியும் என்ன சொல்றாங்கன்னு கேட்டு எழுதிக்கணும். கார்த்திகையில வெதை கணக்கு, யார் பரண்ல எவ்வளவு தொங்குது, ஊருக்குன்னு பொதுவா ஒரு வெதைப் பானை, எடுத்தவங்க அறுவடைக்கு கொஞ்சம் கூட வெச்சு திருப்பறது. தையில நூறு நாள் வேலைய ஆரம்பிச்சு தண்ணி ஊத்துகளையும் கல் வரப்பையும் சரி பண்றது, மழைக்கு முன்னாடி தண்ணி நிக்க எடம் வேணும், கூலியும் லேட்டா வந்து எப்படியும் ஆனியிலதான் விழும், இந்த ஒரு விசயத்துல லேட்டானதே நல்லதுன்னு நெனச்சு சிரிச்சுட்டேன். ஆடி ஆவணிக்கு சமூக சமையலறையில ஒரு வேளை கூட, ராகியும் அவரையும் ஊர்க்காரங்ககிட்டயே வாங்கினது. 2018 வெள்ளத்துக்கு அப்புறம் கேரளாவுல ஒவ்வொரு பஞ்சாயத்தும் பேரிடர் திட்டம் எழுதி வெச்சிருக்காங்க, அதுக்குள்ள இத சொருகினா தனி ஃபைலா தூங்காது. பயிர் படிவத்துல ஏழு கட்டம் போட்டாச்சு.

எச்சரிக்கை மணின்னு ஒரு பக்கம் உண்டு, அதுல மழை மில்லிமீட்டர் மட்டும்தான் இருந்துது. இப்ப அதுக்கு கீழ கோழி, கெடா, திருப்பூர், பெட்டை ஆடு, வெதைன்னு வரிசையா எழுதிட்டேன். ஊர்ல எத்தனை வீடு எந்த வரியில நிக்குதுன்னு மாசம் ஒரு தடவ அந்த மருமக பொண்ணே குறிச்சு வெக்கறேன்னு சொல்லிருக்கு. அந்த பொண்ணு பிளஸ் டூ. பெட்டை ஆடு வரிக்கு பாதி வீடு வந்துட்டா அறிவிப்புக்காக காத்துட்டு இருக்காம கையில இருக்கற பணத்த எறக்கிடணும், தீவனம், நியாய விலைக்கு ஆடு வாங்கி திருப்பி அவங்ககிட்டயே வளக்க விடறதுன்னு. ஆபீஸ்ல இந்தப் பக்கத்த என்ன சொல்லுவாங்கன்னு தெரியல, ஆடெல்லாம் குறியீடான்னு கேப்பாங்க.

பஸ் வர்ற நேரத்துக்கு தோழி போன்ல ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தாங்க. பாட்டி நேத்து கெடா ஆட்ட வித்துட்டாங்களாம். சித்திரை வரைக்கும் விக்க மாட்டேன்னு என்கிட்ட சொல்லியிருந்த ஆடு. மத்த ரெண்டும் கட்டுல இருக்குதாம். நோட்ட திரும்ப எடுத்து ரெண்டாவது வரியில பங்குனி 2ன்னு தேதி போட்டேன். கண்டக்டர் ரெண்டாவது தடவ விசில் அடிச்சுட்டார்.